ஆட ஒரு வாசல் போதுமா?

‘கிளப்’ என்ற சொல் தமிழுக்கு வந்து சேர்ந்தபோது அதில் ஆட்டம் இல்லை, காபிதான் இருந்தது. ‘காபி கிளப்’ என்று பலகை மாட்டிய கடைகளில் இட்லி விற்றார்கள். ஆசாரமான வீடுகளில் ‘கிளப்பில் சாப்பிடுகிறவன்’ என்பது அப்போது ஒரு வசவு. பிறகு சினிமா வந்தது. சிவப்பு விளக்கு, கண்ணாடிக் கோப்பை, மேசைக்கு மேசை போய் ஆடும் ஒரு பெண், மூலையில் வில்லன், ஒட்டுத் தாடியுடன் கதாநாயகன். நமக்குத் தெரிந்த கிளப் டான்ஸ் அதுதான். செய்தி மொழிபெயர்ப்பு மேசையில் ‘நைட் கிளப்’ வந்து விழுந்தால் இன்றும் பாதிப் பேர் ‘இரவுக் கேளிக்கை விடுதி’ என்று எழுதுகிறார்கள். அங்கே யாரும் தங்குவதில்லை, ஆகவே விடுதி அல்ல. கேளிக்கை என்ற சொல்லிலோ, எழுதும்போதே ஒரு புருவம் உயர்ந்துவிடுகிறது.

இத்தனைக்கும் சென்னைக்கு இது புதிதல்ல. 1969-ல் மவுண்ட் ரோடில் சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில்தான் உஷா உதுப் பாடத் தொடங்கினார். புடவை கட்டிக்கொண்டுதான் பாடினார். அதைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் சினிமாவை நம்பினார்கள்.

சினிமா கிளப்புக்கும் நிஜ கிளப்புக்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குச் சொன்னவள் தில்லியில் வேலை பார்க்கும் என் அக்கா மகள். வயது 26. தில்லிச் சட்டப்படி ஒருவர் கையில் மதுக் கோப்பை இருக்க வேண்டுமானால் வயது 25 ஆகியிருக்க வேண்டும். ஓட்டுப் போட 18, கல்யாணம் செய்துகொள்ள ஆணுக்கு 21, பீர் குடிக்க 25 என்பது தலைநகரின் கணக்கு. அவள் குடிப்பதில்லை, ஆடப் போகிறாள். “சினிமாவுல ஒருத்தி ஆடுவா, எல்லாரும் பாப்பாங்க. இங்க எல்லாரும் ஆடுவாங்க, யாரும் பாக்க மாட்டாங்க. அதுக்குத்தான் சித்தி போறோம்” என்றாள். அவள் தங்கியிருக்கும் மகளிர் பி.ஜி.யில் ஓர் அறைக்கு மூன்று கட்டில். காலை மெட்ரோவில் பார்க்கிறார்கள், அலுவலகத்தில் பார்க்கிறார்கள், இரவு திரும்பும்போது பி.ஜி. வாசலில் காவலாளி நேரத்தைக் குறித்துக்கொண்டு பார்க்கிறார். யாரும் பார்க்காத இடத்தைக் காசு கொடுத்துத் தேடிப் போவது எனக்கு நியாயமாகவே பட்டது. அண்மையில் ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன்.

போன இடம் ஹவுஸ் காஸ் கிராமம். அலாவுதீன் கில்ஜி வெட்டிய குளம், ஃபிரோஸ் ஷா துக்ளக் கட்டிய மதரஸா, அதன் மூலையில் அவருடைய கல்லறை. இவற்றின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது இந்த ஊர். 1980-களின் பிற்பகுதியில் துணிக் கடைகள் வந்தன, பிறகு உணவகங்கள், பிறகு மாடிக்கு மாடி பப்பும் கிளப்பும். ‘லால் டோரா’ எல்லைக்குள் இருந்த பழைய கிராமம் என்பதால் நெடுங்காலம் நகரின் கட்டட விதிகள் இங்கே பொருந்தவில்லை. சந்துகளின் அகலம் இரண்டு எருமைகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும் அளவுதான். அதற்குத்தானே போட்டது! 2013-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் நடவடிக்கையால் 30-க்கும் மேற்பட்ட உணவகங்கள் மூடப்பட்டன. சில நாட்களில் மறுபடி திறந்தன. இந்தச் சந்துக்குள் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்ற கேள்வி 2017-ல் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது.

கிளப்பின் வியாபாரம் உள்ளே நடப்பதாக நாம் நினைக்கிறோம். அது நடப்பது வாசலில். தனியாக வரும் ஆண்களுக்கு அனுமதி இல்லை. ‘ஸ்டாக்’ என்று அவர்களுக்குப் பெயர், ஆண் மான். ஜோடியாக வந்தால் ஒரு கட்டணம், பெண்கள் மட்டும் என்றால் பெரும்பாலும் இலவசம். வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்குக் குடிப்பதும் இலவசம். அந்த நாளில் விற்பனைக்கு வைத்திருப்பது எது என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு முன்னால் நின்ற நான்கு பையன்கள், நல்ல சட்டை போட்டு, தலைக்கு ஜெல் தடவி, நொய்டாவிலிருந்து வந்தவர்கள், கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். என்னை மேலும் கீழும் பார்த்த பவுன்சர், காட்டன் புடவைக்கு என்ன விதி என்று ஞாபகம் வராமல், கையில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டி அனுப்பிவிட்டார்.

பவுன்சர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கு தில்லியின் ஓரத்தில் அசோலா, ஃபதேபூர் பேரி என்று ஒட்டிக்கொண்ட இரண்டு கிராமங்கள். பரம்பரையாகக் குஸ்தி பழகிய ஊர். தலைநகரில் கிளப்புகள் பெருகியபோது இந்த அகாடாக்களின் இளைஞர்கள் அவற்றின் வாசலுக்கு வந்தார்கள். இப்போது அந்த ஊருக்கே அதுதான் பெயர். பாலும் பாதாமும் சாப்பிட்டு உடம்பை வளர்க்கிறவர்கள், பலர் மதுவைத் தொடாதவர்கள், விடியும்வரை குடிக்கிறவர்களைக் கட்டி மேய்க்கிறார்கள். அவர்களுக்குத் தரப்படும் வேலை இரண்டுதான்: வரக்கூடாதவரை உள்ளே விடாதே, பணம் கட்டாதவரை வெளியே விடாதே.

உள்ளே, மூன்றாவது மாடியில், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மேடை அளவு இடம். அதில் நூற்றைம்பது பேராவது இருந்திருப்பார்கள். பாட்டு காதில் விழவில்லை, விலா எலும்பில் விழுந்தது. சங்கப் பாடல்களில் துணங்கையைப் படித்துத் தேர்வு எழுதியவளுக்கு அது விநோதமாக இல்லை. முழங்கையை மடக்கி விலாவில் அடித்து ஆடும் கூத்து அது. இரவில், ஊர் கூடி ஆடியது. கணவன் துணங்கைக்குப் போனான் என்று மனைவிமார் ஊடியதும் உண்டு. உரிமம் எதுவும் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை.

பஞ்சாபிப் பாட்டுகளுக்கு நடுவே திடீரென்று ‘முக்காலா’ வந்தது. 1994-ல் ‘காதலன்’ வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள், பிரபுதேவாவின் அந்தக் கால் அசைவுகளை இம்மி பிசகாமல் ஆடினார்கள். சொல் இந்தி, தாளம் நம்முடையது. என் அக்கா மகள் கூட்டத்தின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கி ஆடிக்கொண்டிருந்தாள். அவளைப் பிறந்ததிலிருந்து தெரியும். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அவள் சொன்னது உண்மைதான், யாரும் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

கழிப்பறைக்கு வரிசை. அந்த வரிசையில் நிற்கும்போதுதான் அந்தக் கதவைப் பார்த்தேன். மேலே பச்சை விளக்கில் ‘எக்ஸிட்’ என்று ஒளிர்ந்தது. கீழே குறுக்காக ஒரு சோபா, அதன் மேல் காலி பாட்டில் கிரேட்டுகள். கைப்பிடியில் சங்கிலி. அந்த வழியே வந்த வெயிட்டரிடம் கேட்டேன். அல்மோராப் பக்கத்துப் பையன். “திறந்து வைத்தால் பில் கட்டாமல் போய்விடுவார்கள் மேடம். கீழேயிருந்து ஸ்டாக் எல்லாம் ஏறி வந்துவிடும்” என்றான் மரியாதையாக. அவனைப் பொறுத்தவரை அது வெளியேறும் வழி அல்ல, ஒழுகும் ஓட்டை.

இந்தக் காரணம் பழையது. 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் ‘கோகோநட் குரோவ்’ கிளப்பில் தீப்பிடித்தது. முன்வாசலில் சுழல் கதவு. ஆள் மேல் ஆள் விழுந்து அது சிக்கிக்கொண்டது. மற்ற கதவுகளில் சில பூட்டியிருந்தன, பில் ஏய்ப்பவர்களைத் தடுக்க. சில உட்பக்கம் திறப்பவை. நெருக்கும் கூட்டத்துக்கு எதிராக அவை திறக்கவே இல்லை. 492 பேர் இறந்தார்கள். பொதுக் கட்டடங்களில் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும், சுழல் கதவுக்குப் பக்கத்தில் சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்ற விதிகள் அதன் பிறகுதான் அங்கே வலுப்பெற்றன. 70 வருடம் கழித்து, 2013 ஜனவரி 27, பிரேசிலின் சாந்தா மரியா நகரில் ‘கிஸ்’ கிளப். மேடையில் கொளுத்திய வாணம் கூரையின் நுரைப் பஞ்சில் பற்றியது. ஒரே வாசல். பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்துக் காவலர்கள் முதலில் மறித்தார்கள். இறந்தவர்கள் 242 பேர். பலரின் உடல்கள் கழிப்பறைகளில் கிடந்தன. புகையில் அதை வெளியேறும் கதவு என்று நினைத்திருக்கிறார்கள்.

பிரேசில் வரை போக வேண்டியதில்லை. 2017 டிசம்பர் 29, நள்ளிரவு கடந்து சில நிமிடங்கள், மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடியில் 14 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். அங்கும் புகைக்குத் தப்பிக் கழிப்பறைக்குள் ஒதுங்கியவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். 2025 டிசம்பர் 6 நள்ளிரவு, கோவாவின் அர்போராவில் 25 பேர். அவர்களில் 20 பேர் ஆட வந்தவர்கள் அல்ல. சமையலறையிலும் பரிமாறுவதிலும் இருந்தவர்கள், ஜார்க்கண்ட், அசாம், உத்தராகண்ட், நேபாளத்துப் பிள்ளைகள். மாடியில் தீ, கீழ்த்தளச் சமையலறைக்கு ஓடியவர்களுக்கு அங்கிருந்து வழியில்லை. குறுகிய பாதையில் தீயணைப்பு வண்டிகள் நெருங்க முடியவில்லை. சில நாட்களில் வட கோவா மாவட்ட நிர்வாகம் கிளப்புகளுக்குள் வாணவேடிக்கைக்குத் தடை விதித்தது. நல்லது. வாணம் இல்லாவிட்டாலும் மின்கம்பி இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, சிகரெட் இருக்கிறது.

ஆடுவதைப் பற்றி நம் அரசுகள் கவலைப்படாமல் இல்லை. நிறையவே பட்டிருக்கின்றன. மகாராஷ்டிரம் 2005-ல் டான்ஸ் பார்களைத் தடை செய்தது, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களை விட்டுவிட்டு. 2006-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2013-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அரசு 2014-ல் வேறு வடிவில் தடையைக் கொண்டுவந்தது, 2016-ல் புதிய சட்டமே போட்டது. அதன் பல பிரிவுகளை 2019-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மேடைக்கும் மேசைக்கும் நடுவே தடுப்பு வேண்டுமா, ஆடும் பெண் மீது நோட்டை வீசலாமா, கையில் கொடுக்கலாமா என்று பதினான்கு வருடம் வாதம். பெங்களூரில் டிஸ்கோத்தேவுக்கும் மேடை இசைக்கும் 2005-ல் போலீஸ் போட்ட உரிம விதிகளை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பல பப்புகளில் பாட்டு கொஞ்ச காலம் நின்றே போனது. 2009-ல் மங்களூரில் பப்புக்குள் புகுந்து பெண்களை அடித்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2018-ல் போதிய சாட்சியம் இல்லாமல் விடுதலையானார்கள். யார் ஆடுகிறார்கள், யாருடன், என்ன உடையில், எத்தனை மணி வரை என்று இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற கண்ணுக்கு, ஒரு சோபாவால் அடைத்த கதவு மட்டும் தெரிவதில்லை.

தெரியாமல் இருக்க ஒரு வழியும் உண்டு. தில்லியில் 50 இருக்கைக்கு மேல் இருந்தால்தான் உணவகத்துக்குத் தீயணைப்புத் துறையின் சான்று தேவை என்பது நெடுநாள் நடைமுறை. ஆகவே காகிதத்தில் பல இடங்களுக்கு 48 இருக்கைகள். யாருமே உட்காராத ஓர் இடத்தின் கூட்டத்தை நாற்காலியை எண்ணிக் கணக்கிடுகிறோம்! கூட்டம் கூடும் இடத்துக்குக் குறைந்தது இரண்டு வெளியேறும் வழி வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. அது பரிந்துரை, மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் சட்டம். 2025 ஜூனில் டிஸ்கோத்தே உள்ளிட்ட ஏழு வகைத் தொழில்களுக்கு உரிமம் தரும் பொறுப்பு தில்லி போலீஸிடமிருந்து எடுக்கப்பட்டு உள்ளாட்சி அமைப்புகள் பக்கம் போனது. போலீஸுக்கு வேறு வேலை இருக்கிறது என்பது சரிதான். நாற்காலியை எண்ணுவதை யாராவது நிறுத்துவார்களா என்று பார்க்க வேண்டும்.

இதற்காகக் கிளப்பை மூடச் சொல்கிற கட்சி அல்ல நான். மூடச் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தீக்குப் பிறகும், பெண்களுக்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று கேட்க அவர்கள் தயாராக நிற்கிறார்கள். கும்பகோணத்தில் 2004-ல் பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் இறந்தபோது, பள்ளிக்கு ஏன் போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கதவையும் கூரையையும் பற்றித்தான் கேட்டார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு அக்கா மகளைக் கூட்டத்திலிருந்து பிரித்து எடுத்தேன். அந்தக் கதவைக் காட்டினேன். “இதுவா? பாத்ரூம் க்யூல இது மேல சாஞ்சுதான் சித்தி நிப்போம்” என்றாள். பில்லைக் கொண்டுவந்த அல்மோராப் பையனிடம், இந்த நேரத்துக்கு மேல் எப்படி வீட்டுக்குப் போவாய் என்று கேட்டேன். போவதில்லையாம். மொட்டை மாடியில் தகரம் போட்ட அறை, ஆறு பேர் அங்கேதான் படுக்கை, சாமானும் அங்கேதான். அதற்கு ஏறிப் போக வேறு படி இருக்கிறதா என்றேன். நாங்கள் வந்த படியைக் கை காட்டினான்.