வில்லைப் பாடினோம்; செய்தோமா?

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, வல்வில் ஓரியைப் பற்றிப் பேசி முதல் பரிசு வாங்கியவன் நான். கொல்லிமலை வேந்தன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடியிருக்கிறார். அதை மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். கைதட்டலுக்குக் குறைவில்லை.

பல்கலைக்கழகத்தில் வில்வித்தை பழகும் மலாய் நண்பரிடம் இதே கதையைப் பெருமையோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த வில்லை எப்படிச் செய்தார்கள்?" என்றார். என் வாய் அடைத்துப்போனது. 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் ஆங்கிலேயரின் நெடுவில்கள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. ஓரியின் வில் நமக்குக் கிடைக்கவில்லை, பாட்டுதான் கிடைத்தது.

விடுமுறையில் மாக் மண்டினுக்குத் திரும்பியதும் தாத்தாவிடம் போய் நின்றேன். அவர் ஓய்வுபெற்ற தச்சர். வில் செய்தவரல்லர், ஆனால், மரம் அறிந்தவர். ஆறடி மெர்பாவ் சட்டம் ஒன்றை வாங்கி இழைத்தோம். நாணேற்றி இழுத்ததும் படீரென்று முறிந்தது. மரத்தின் ரேகை ஓரத்தில் சாய்ந்து ஓடியதை நான் கவனிக்கவில்லை. "மரம் முன்னாடியே சொல்லிருச்சுடா, நீதான் பாக்கல" என்றார் தாத்தா.

இரண்டாவது சட்டத்தை, ரேகை நுனிக்கு நுனி நேராக ஓடுகிறதா என்று பார்த்து வாங்கினோம். வில்லை இழுக்கும்போது அதன் முதுகு நீள்கிறது. எய்பவரை நோக்கிய வயிற்றுப்பக்கம் நசுங்குகிறது. முதுகில் நார் அறுபட்டால் அங்கேயே பிளந்துவிடும். ஆகவே, வயிற்றுப்பக்கம் மட்டுமே இழைத்தோம். சுவரில் மாட்டி, நாணைக் கொஞ்சங் கொஞ்சமாக இழுத்து, இரு கைகளும் ஒன்றுபோல் வளைகின்றனவா என்று பார்த்தோம். விறைப்பான இடத்தில் அரத்தால் தேய்த்தோம். மெலிந்த இடத்தைத் தொடவில்லை. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாதே! ஒன்பதாம் நாள் வில் முறியாமல் வளைந்தது.

நண்பர்களே, அந்த ஒன்பது நாளில் வில்லைவிடப் பெரிதாக எனக்குக் கிடைத்தவை சொற்கள். இடைநிலைப்பள்ளிப் பட்டறையில் நான் கற்றவை கெர்காஜி, கெத்தாம், கிக்கிர். தாத்தாவின் வாயில் அவை ரம்பம், இழைப்புளி, அரம். இழைப்புளி என்ற சொல்லை இருபத்திரண்டு வயதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். தாத்தாவிடம் கேட்காமலே போயிருந்தால்?

பேச்சுப் போட்டி வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாடல் இல்லையென்றால் வில்லைத் தேடியே போயிருக்க மாட்டேன். ஆனால், பேச்சோடு நின்றுவிட்டால், தமிழ் மேடைக்கு மட்டுமே உரிய மொழியாகிவிடும். நம் கலையிரவின் வில்லுப்பாட்டுக்கு வைத்த வில், பளபளக்கும் தாள் சுற்றிய பிளாஸ்டிக் குழாய்தானே?

அடுத்த ஆண்டு அந்த வில்லை மூங்கிலில் நாமே செய்வோம். முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டிலோ உறவிலோ தச்சர், பொற்கொல்லர், தையற்காரர் இருந்தால் ஒருநாள் வளாகத்திற்கு அழைத்து வாருங்கள். அவர்கள் உரையாற்ற வேண்டாம். கருவிகளைக் கொண்டுவந்தால் போதும். வில்லைப் பாடும் வாய் நமக்கு இருக்கிறது. அதை இழைக்கும் கையும் வேண்டும்.