வலிமை என்பது குண்டுதானா?

குண்டு வைத்திருப்பவனுக்கே உலகில் குரல் உண்டு என்னும் பேச்சு நம் சமுதாயத்திலும் வேரூன்றிவிட்டது. மீலாது மேடைகளில் இதனைக் கேட்கிறோம். நிக்காஹ் விருந்துகளில் கேட்கிறோம். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டே படித்த பெருமக்களும் இதனையே சொல்லக் கேட்கிறோம். இராக் அழிந்தது, லிபியா சிதறியது, காஸா மண்மேடாயிற்று. அவர்களிடம் ஓர் அணுகுண்டு இருந்திருந்தால் எவனாவது நெருங்கியிருப்பானா என்பதே கேள்வி. கேள்வியிலுள்ள வேதனையை நாம் மதிக்கிறோம். அதற்கு அவர்களே சொல்லிக்கொள்ளும் விடையை மறுக்கிறோம். மறுப்புக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையையே சான்றாக வைக்கிறோம். 2023 மே 27இல், தமது 84ஆம் வயதில் காலமான ஜயந்த தனபால என்னும் இலங்கையரே அவர். நம் மார்க்கத்தவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். ஆயினும் நம் இல்லங்களில் அறியப்பட்டிருக்க வேண்டிய பெயர்.

அவரிடம் செல்லுமுன் நம் காலடி மண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருநாவலூரைச் சுந்தரர் பிறந்த ஊர் என்று நம் சைவ நண்பர்கள் போற்றுவர். அவ்வூருக்கு வேறொரு வரலாறும் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனின் மைந்தன் இராசாதித்தன், வடக்கேயிருந்து வரக்கூடிய இராஷ்டிரகூடரை எதிர்நோக்கிப் பெரும் படையுடன் அந்த வட்டாரத்தில் தங்கியிருந்தான். சேர நாட்டு வீரர்களும் அப்படையில் இருந்தனர். ஊரின் பெயரே இராசாதித்தபுரம் என்றாயிற்று. அவன் பரிவாரத்தார் விட்ட அறக்கொடைகளைக் கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. படையைக் கண்டு பகைவன் அஞ்சி வாராதிருப்பான் என்பது கணக்கு. பகைவன் அஞ்சவில்லை, அவனும் படை திரட்டினான். 949இல் தக்கோலத்தில் இரு படைகளும் மோதின. இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். தொண்டை மண்டலம் இராஷ்டிரகூடர் வசமாயிற்று. அந்தப் படை விட்டுச் சென்றவற்றுள் இன்று யாருக்கேனும் பயன்படுவது எது? வீராணம் ஏரியை இராசாதித்தனின் வீரர்களே வெட்டினர் என்பது வழக்கு. அவ்வழக்கு மெய்யாயின், அவர்கள் ஏந்திய வாள் துருவாய்ப் போயிற்று. அவர்கள் பிடித்த மண்வெட்டி தோண்டிய ஏரியின் நீரைச் சென்னை மாநகர் இன்று குடிக்கிறது.

பழங்கதை வேண்டாம் என்போர் 1999ஐப் பார்க்கட்டும். 1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானில் குண்டுகளை வெடித்தது. அதே மாத இறுதியில் பாகிஸ்தான் சாகாய் மலையில் வெடித்தது. இனிப் போரே வராது என்று இரு நாட்டு அறிஞர்களும் எழுதினர். ஓராண்டு கழிவதற்குள் கார்கில் மலைமுகடுகளில் இரு தரப்பு இளைஞர்களும் செத்து விழுந்தனர். குண்டு போரைத் தடுக்கவில்லை. போர் மூண்டால் எத்துணை பெரிய அழிவு காத்திருக்கிறது என்னும் அச்சத்தையே கூட்டியது.

மார்க்கத்தின் பெயரால் வாதிடுவோரும் உளர். வலிமையைத் தயார்செய்து வைக்குமாறு கூறும் திருமறை வசனத்தை அவர்கள் எடுத்துக்காட்டுவர். அது 8ஆம் அத்தியாயத்தின் 60ஆம் வசனம். அதனை அடுத்த 61ஆம் வசனத்தை இவர்கள் ஏன் ஓதுவதில்லை? எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீரும் சாய்க என்பதன்றோ அதன் கருத்து! சிரியாவுக்குப் படை அனுப்பியபோது பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் கொல்லலாகாது, கனி மரங்களை வெட்டலாகாது என்று கட்டளையிட்ட கலீஃபா அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் மார்க்கத்தில், ஒரு நகரத்தின் பெண்டிரையும் சிறாரையும் முதியோரையும் மரங்களையும் ஒரே நொடியில் சாம்பலாக்கும் கருவிக்கு எந்த வாயிலில் இடம் தருவது?

இதனை நாம் மட்டும் சொல்லவில்லை. 1996 ஜூலை 8இல் அணுவாயுதத்தின் சட்டத்தன்மை குறித்து ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் தன் கருத்துரையை வழங்கியது. பெரும்பான்மை நீதிபதிகள் ஒரு சிறு கதவைத் திறந்தே வைத்தனர்: நாட்டின் உயிருக்கே ஆபத்து வரும் நிலையில் என்ன என்பதைத் தங்களால் திட்டமாகக் கூற இயலவில்லை என்றனர். அக்கதவையும் அடைக்க வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பெழுதியவர்களுள் ஒருவர் இலங்கை நீதிபதி வீரமந்திரி. எந்நிலையிலும் அணுவாயுதம் சட்டவிரோதம் என்று நிறுவ அவர் துணைக்கு அழைத்த மரபுகளுள் இஸ்லாமியப் போர்ச் சட்டமும் ஒன்று. நஞ்சு தோய்ந்த அம்பை நம் சட்ட அறிஞர்கள் விலக்கியதை அவர் எடுத்துக்காட்டினார். நம் ஃபிக்ஹு நூல்களை உலக நீதிமன்றத்தில் விரித்து வைத்தவர் அவர். நாமோ குண்டுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இனித் தனபாலவுக்கு வருவோம். கண்டி டிரினிட்டி கல்லூரி மாணவராக இருந்தபோது கட்டுரைப் போட்டியொன்றில் வென்று, 1957இல் நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் நாளிதழ் நடத்திய உலக இளைஞர் மன்றத்துக்காக அமெரிக்கா சென்றார். அன்று செனட்டராக இருந்த கென்னடியை அங்கே சந்தித்தார். (அதே கென்னடியை, அவர் அதிபராகிவிட்ட 1962இல், அணுகுண்டுச் சோதனையை நிறுத்துமாறு கேட்க நம் இராஜாஜி தமது 83ஆம் வயதில் வாஷிங்டன் சென்றார் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. அடுத்த ஆண்டே பகுதித் தடை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.) பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தனபால படித்தது ஆங்கில இலக்கியம். 1965இல் வெளிநாட்டுச் சேவையில் சேர்ந்தார். இலண்டன், பீகிங், வாஷிங்டன், புதுதில்லி, ஜெனீவா எனப் பணிபுரிந்தார். 1987 முதல் 1992 வரை ஐக்கிய நாடுகளின் ஆயுதக் குறைப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநர். ஆராய்ச்சி என்றவுடன் தூசி படிந்த ஏடுகளை எண்ணிவிட வேண்டாம். எந்த நாட்டிடம் எத்தனை ஏவுகணை, எதை எவ்வாறு எண்ணுவது, ஒளித்து வைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, ஒப்பந்தத்தின் எந்தச் சொல் எந்தப் பொய்க்கு இடம் கொடுக்கும் என்பனவே அத்துறையின் பாடம்.

அப்பாடம் 1995இல் சோதனைக்கு வந்தது. அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1970இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் ஆயுள் பற்றி 25 ஆண்டுகளுக்குப் பின் முடிவெடுப்பது என்று எழுதியிருந்தனர். அம்முடிவுக்காக நியூயார்க்கில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் கூடின. தலைவர் தனபால. குண்டுள்ள நாடுகள் ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நீட்டிக்கக் கேட்டன. குண்டில்லாத பல நாடுகள், நீங்கள் குண்டுகளை ஒழிக்கும்வரை எங்கள் பிடியை ஏன் விட வேண்டும் என்றன. வாக்கெடுப்பு நடந்திருந்தால் உலகம் இரு கூறாகப் பிளந்திருக்கும். அவர் சிறு ஆலோசனைக் குழுவொன்றை அமைத்து, சொல் சொல்லாகப் பேரம் பேசவைத்து, மே மாதம் வாக்கெடுப்பின்றியே மூன்று தீர்மானங்களை நிறைவேற்றினார். அரபு நாடுகள் இசைவதற்கு விலையாக நான்காவது ஒன்றும் இணைந்தது. மேற்காசியாவை அணுவாயுதமும் ஏனைய பேரழிவு ஆயுதங்களும் அற்ற மண்டலமாக்க வேண்டும் என்பது அது. அதனை முன்மொழிந்தவை அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா.

இந்த இடத்தில் அன்பர்கள் நம்மை மறிப்பர். அந்த மண்டலம் எங்கே? இஸ்ரேல் இன்றுவரை அவ்வொப்பந்தத்தில் சேரவில்லையே? நியாயமான கேள்வி. நாம் இன்னும் கடுமையாகவே சொல்வோம்: காலவரையற்ற நீட்டிப்பைப் பெற்றுக்கொண்டபின் வல்லரசுகள் தம் வாக்கைக் காற்றில் விட்டன. 2010இல் மேற்காசிய மாநாட்டுக்கு நாள் குறித்தனர், அது நடக்கவில்லை. 2015இல் அதே மாநாட்டைப் பற்றிய வாசகத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஏற்க மறுத்ததால் மீளாய்வு மாநாடே முறிந்தது. தனபால பிடியை மிக எளிதாக விட்டுவிட்டார் என்று குறை கூறுவோர் உளர். அக்குறையை நாம் முற்றிலும் தள்ளிவிட மாட்டோம். ஆனால் ஏமாற்றியவன் குற்றத்தை எழுதி வாங்கியவன் தலையில் ஏற்றுவது என்ன நீதி? இன்று அரபு நாடுகள் உலக மன்றத்தில் எழுந்து, நீங்கள் கையொப்பமிட்டதை நிறைவேற்றுங்கள் என்று கேட்க முடிகிறதென்றால் அந்த எழுத்து இருப்பதால்தான். 2019 முதல் அம்மண்டலத்துக்கென ஐ.நா. மாநாடு கூடிவருவதும் அந்நெடிய வழக்கின் தொடர்ச்சியே.

காகிதத்தால் என்ன ஆகும் என்று ஏளனம் செய்வோர் ஹுதைபிய்யாவை மறந்தனரோ? ஹிஜ்ரி 6இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் செய்த உடன்படிக்கையில் தம் திருப்பெயரோடு இருந்த தூதர் என்னும் சொல்லையே எதிரி ஏற்காதபோது அழிக்கச் செய்தார்கள். தோழர்கள் மனம் நொந்தனர். இரண்டே ஆண்டுகளில் மக்கா திறந்தது. யாரையும் யாரோடும் ஒப்பிடத் துணியவில்லை. வாளின் பிடியில் கை இருக்கும்போதே எழுதுகோலை ஏற்பது கோழைத்தனம் அன்று என்பதை நம் பிள்ளைகள் நம் வரலாற்றிலிருந்தே கற்கலாம் என்கிறோம்.

இராக்கின் பெயரைச் சொல்லி வாதிடுவோர்க்கும் தனபாலவின் வாழ்வில் விடை உண்டு. 1998இல் சதாம் ஹுசைனின் அரண்மனை வளாகங்களைச் சோதிப்பது பற்றிப் போர் மூளும் நிலை வந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் பக்தாது சென்று ஓர் உடன்பாடு செய்தார். அதன்படி எட்டு அரண்மனை வளாகங்களைப் பார்வையிடச் சென்ற சிறப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், ஆயுதக் குறைப்புத் துறையின் துணைப் பொதுச்செயலாளராகப் பொறுப்பேற்றிருந்த தனபால. போர் அவ்வேளை தள்ளிப்போயிற்று. 2003இல் படையெடுத்தவர்கள் சோதனையாளர்களின் பணி முடியும்வரை காத்திருக்கவில்லை. பிறகு நாடு முழுவதையும் துருவியும் பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் அகப்படவில்லை. ஆகவே இராக் கற்பிக்கும் பாடம் குண்டு செய்க என்பதா? உண்மையை அளந்து சொல்லும் சோதனையாளனின் வாயை அடைத்தால்தான் அவ்வநியாயப் போரைத் தொடங்க முடிந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி அல்பேனியாவிலிருந்து வருகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அந்நாட்டில் 1997இல் நிதி மோசடிகளால் அரசு நிலைகுலைந்தபோது மக்கள் படைக்கிடங்குகளைச் சூறையாடினர். வீட்டுக்கு வீடு துப்பாக்கி. தனபால 1998இல் அங்கே குழுவொன்றுடன் சென்றார். பணம் கொடுத்துத் துப்பாக்கி வாங்கினால் அப்பணத்தில் வேறு துப்பாக்கி வாங்குவர். ஆதலால் ஆயுதத்தை ஒப்படைக்கும் ஊருக்குச் சாலையும் பாலமும் தெருவிளக்கும் தருவோம் என்று திட்டமிடப்பட்டது. கிராம்ஷ் மாவட்டத்தில் அது தொடங்கியது. ஏறத்தாழ 6000 ஆயுதங்கள் வந்து சேர்ந்தன. பெண்கள் தம் ஆடவரை ஒப்படைக்கத் தூண்டியது அதன் வெற்றிக்குப் பெருங்காரணம். பரணில் துப்பாக்கி இருக்கும் வீட்டில் குழந்தை எதை எடுத்து விளையாடும் என்பது தாய்க்கன்றோ தெரியும்!

அவர் எங்கும் வென்றவர் என்று சொல்லமாட்டோம். 2004இல் இலங்கைச் சமாதானச் செயலகத்துக்குத் தலைமை ஏற்றார். அந்தச் சமாதானம் பிழைக்கவில்லை. அங்குள்ள நம் முஸ்லிம் சகோதரர்கள் கேட்ட தனிப் பிரதிநிதித்துவமும் அப்பேச்சுகளில் கிடைக்கவில்லை. 2006இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டு விலகினார். 2007 முதல் பத்தாண்டுகள் பக்வாஷ் அறிவியலார் இயக்கத்தின் தலைவர். 1980களின் நடுவில் உலகில் ஏறத்தாழ 70,000 அணுவெடிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 12,000. இக்குறைவு தானாக வந்ததன்று. 2017இல் 122 நாடுகள் அணுவாயுதத்தை முற்றிலும் தடைசெய்யும் ஒப்பந்தத்தை ஏற்றன. அவர் மறைந்து நான்கு திங்கள் ஆவதற்குள், 2023 செப்டம்பரில், இலங்கை அதில் இணைந்தது. இந்தியாவும் இல்லை, பாகிஸ்தானும் இல்லை, இஸ்ரேலும் இல்லை. இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுத நமக்கு மகிழ்ச்சி இல்லை.

இப்போது நம் வீட்டுச் சுவரைப் பார்ப்போம். அப்துல் கலாம் அவர்களின் படம் அங்கே இருக்கிறது; இருக்கட்டும். இராமேசுவரத்துப் படகுக்காரரின் பிள்ளை நாட்டின் தலைமை இருக்கையில் அமர்ந்ததில் நமக்கும் பெருமையே. ஆனால் பிள்ளைகளிடம் அவரைப் பற்றி என்ன சொல்கிறோம்? அக்னியையும் பொக்ரானையும் சொல்கிறோம். போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள காலிப்பரை இழுத்துக்கொண்டு நடப்பதை ஹைதராபாத் மருத்துவமனையில் அவர் கண்டதும், ஏவுகணைக்கென உருவான இலேசான பொருளில் முந்நூறு கிராம் அளவே எடையுள்ள காலிப்பர் செய்யவைத்ததும் எத்தனை வீடுகளில் சொல்லப்படுகின்றன? அக்குழந்தைகள் ஓடியதைக் கண்ட மகிழ்ச்சியை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் நெஞ்சில் உயர்த்தி வைத்ததை விட்டு, ஏவுகணையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

மகன் பொறியியல் படிக்க வேண்டும், மகள் மருத்துவம் படிக்க வேண்டும், இல்லையேல் துபாய்க்கு விசா வர வேண்டும். இதற்கு அப்பால் நம் பெற்றோர் சிந்திப்பதில்லை. பாலஸ்தீனத்துக்காகக் கண்ணீர் விடும் சமுதாயத்தில் பாலஸ்தீனம் பற்றிய தீர்மானத்தை வரையத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியல், அமைப்பு, ஆயுதக் குறைப்பு ஆகியவற்றுக்கென ஒரு மையமே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு ஆய்வுத் துறை இருக்கிறது. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று தந்தை கேட்பார். பேராதனையில் ஆங்கிலக் கவிதை படித்த மாணவனின் தந்தையிடமும் அண்டை வீட்டார் இதனையே கேட்டிருக்கக் கூடும். ரமலானில் ஜகாத் நிதியிலிருந்து கல்வி உதவிப் பட்டியல் தயாரிக்கும் ஜமாஅத்தார், பொறியியல், மருத்துவம் என்னும் இரண்டு வரிகளுக்குக் கீழே இவ்வாண்டு சர்வதேச விவகாரம் என்று மூன்றாவதாக ஒரு வரியைச் சேர்க்கட்டும். விண்ணப்பிக்க ஒரு பிள்ளையாவது வருகிறதா என்று பார்ப்போம்.