படிக்கவியலாத தாளில் கைந்நாட்டு

விசா என்னும் இலத்தீனச் சொல்லுக்குப் 'பார்க்கப்பட்டது' என்பது பொருள். பார்க்கப்பட்ட தாள் என்ற தொடரின் குறுக்கமே அது. நுழைவிசைவு என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். அத்தாளை அயல்நாட்டு முதலாளி பார்க்கிறான், முகவன் பார்க்கிறான், தூதரக அலுவலர் பார்க்கிறார். அதன்பொருட்டு நிலத்தை ஒற்றி வைத்து, மனைவியின் கழுத்தணியை விற்று, வளைகுடா நாடுகளுக்கு வானூர்தி ஏறும் தமிழ்த்தொழிலாளியும் பார்க்கத்தான் செய்கிறான். ஆனால் படிப்பதில்லை. அவன் படிக்கவியலாத மொழிகளில் அது எழுதப்பட்டிருக்கிறது.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு ஒப்புதல் வேண்டும் என்ற குறிப்புப் பொறிக்கப்படுகிறது. சவூதி அரேபியா, குவைத்து, ஓமன், மலேசியா முதலாய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, அவர்கள் குடிபெயர்வோர் காப்பாளரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். ஏற்பாடு நல்லதே. கல்லாதவன் ஏமாற்றப்படுவான் என்று தெரிந்தே அச்சட்டம் வகுக்கப்பட்டது. தெரிந்து வகுத்தவர்கள், அவனைக் காக்கும் அக்குறிப்பையேனும் அவன் தாய்மொழியில் பொறித்தார்களா? இல்லை!

கடல்கடந்த பின்னர் நிலை இன்னுங் கொடிது. சவூதி அரேபியாவின் 2005ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத்தின் 9ஆம் பிரிவு, வேலை உடன்படிக்கை அரபு மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்கிறது. உடன் வேறு மொழிப்படி ஒன்று இருந்து இரண்டும் முரண்பட்டால் அரபுப்படியே செல்லுமென்றும் கூறுகிறது. தன் நாட்டில் தன் மொழியே ஆள வேண்டும் என்று ஓரரசு நினைப்பதில் பிழையில்லை; தமிழர்க்கு அத்தகைய அரசொன்று வாய்க்காததே பிழை! அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு, ஆளெடுப்புச் செலவையும் வாழ்விசைவு, பணியிசைவுக் கட்டணங்களையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்று விதித்துள்ளது. இவ்வொரு வரி தமிழில் அச்சாகி ஊர்ப்புறச் சுவர்களில் ஒட்டப்பட்டிருந்தால், 'விசா விலை' என்று சொல்லி ஏழைகளிடம் நூறாயிரக்கணக்கில் உருபா பறிப்பவரின் கடைகள் என்றோ மூடப்பட்டிருக்கும். பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க கட்டணம் 30,000 உருபாவும் அதன்மேல் வரியுமே என்பதுங்கூட எத்தனை பேருக்குத் தெரியும்? அம்முகவர்களிற் பலர் தமிழரே என்பதையும், அவர்தம் கடைப் பெயர்ப்பலகைகளில் தமிழைத் தேடிப் பார்க்க வேண்டியிருப்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அன்று மலையகத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணியும் தமிழன்தானே!

ஓட்டுநர் வேலை என்று நம்பிப் போனவன் பாலையில் ஒட்டகம் மேய்ப்பதும், சுற்றுலா நுழைவிசைவில் அனுப்பப்பட்டவன் பிடிபட்டுச் சிறையிற் கிடப்பதும் இப்படித்தான் நேர்கின்றன. சுற்றுலா நுழைவிசைவில் போகின்றவனுக்குக் காப்பாளரின் ஒப்புதலும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. அவனுக்காக வழக்காட ஒரு தாள்கூட இராது.

ஐக்கிய அரபு அமீரகம் 2016 சனவரி முதல் ஒரு நன்முறையைக் கொண்டுவந்தது. வேலை உறுதித்தாள் அரபு, ஆங்கிலம் ஆகியவற்றோடு தொழிலாளி அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும். அதில் அவன் கையெழுத்திட்ட பின்னரே நுழைவிசைவு. அங்குப் போய்ச் சேர்ந்தபின் இடப்படும் உடன்படிக்கை அதனின்று மாறுதல் கூடாது. இதற்கென வகுத்த 11 மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழின்பாற் கொண்ட காதலால் அவர்கள் இதனைச் செய்தாரல்லர். வழக்குகள் பெருகியதால் செய்தனர். எதனாற் செய்தால் என்ன? பாலைநிலத்து அரசொன்றுக்குத் தோன்றியது, தமிழரிடம் வரி வாங்கும் தில்லிக்குத் தோன்றவில்லை.

தில்லி தரும் கடவுச்சீட்டில் இந்தியும் ஆங்கிலமுமே உள்ளன. 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அவ்விதிகளின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் தமிழ்நாட்டான் கைக்கு வரும் கடவுச்சீட்டில் இந்தி வந்து அமர்ந்திருக்கிறது, தமிழ் இல்லை. ஈழத்தமிழரைக் கொன்று குவித்த சிங்கள அரசின் கடவுச்சீட்டு அட்டையிலுங்கூடத் தமிழெழுத்து உண்டு. இதற்குமேல் ஒரு சொல் எழுதவும் நாணமாக உள்ளது.

நடுவணரசு திருந்தும்வரை தமிழ்நாட்டரசு காத்திருக்க வேண்டுவதில்லை. 1978இல் அது தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இன்றும் உள்ளது. வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றின் தொழிற்சட்டத்தையும், அங்கு வழங்கும் உடன்படிக்கைப் படிவத்தையும் நல்ல தமிழில் பெயர்த்து, ஊராட்சி அலுவலகந்தோறும் வைக்க அதனால் முடியும். அதற்கு வேண்டுவன அரபு அறிந்த தமிழர் சிலரும் சிறிது தாளுமே. அரபுக் கல்லூரிகள் பல உள்ள நாட்டில் முன்னவர்க்குப் பஞ்சமில்லை.

அமீரகத்திற்குச் செல்வோர் தம் வேலை உறுதித்தாளின் தமிழ்ப்படியை இன்றே கேட்டுப் பெறலாம். அப்படியொன்று இல்லவே இல்லை என்று சொல்லும் முகவனிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டா.