பல்லைப் பிடிச்சுப் பாருங்க

“செயின் ஸ்பிராக்கெட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்?” டவுன்ல இருந்து ஊருக்கு வர்ற சொந்தக்காரங்களும் நண்பர்களும் அடிக்கடி கேக்கிற கேள்வி இது. சில பேர் பதிலையும் அவங்களே சொல்லிடறாங்க. ஒருத்தர் பதினஞ்சாயிரம்கிறார், இன்னொருத்தர் இருபத்தஞ்சாயிரம்கிறார். ரெண்டுமே யாரோ சொல்லிக் கேட்ட கணக்கு. தன் வண்டியோட செயினை ஒரு தடவையாவது குனிஞ்சு பார்த்தீங்களான்னு கேட்டா பதில் வராது.

இந்தக் கேள்வியே தப்புங்க.

அந்தியூர் சந்தைக்கோ கண்ணபுரம் சந்தைக்கோ போய்ப் பாருங்க. மாடு வாங்க வந்தவர் ‘இது எத்தனை கிலோமீட்டர் நடந்திருக்கு’ன்னு கேக்க மாட்டார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததான்னு பார்த்துட்டுத்தான் விலை பேசுவார். விக்கிறவர் என்ன வயசு சொன்னாலும் பல்லு பொய் சொல்லாது. வண்டிக்கும் பல்லு இருக்கு. அதை மட்டும் ஏன் யாரும் பார்க்கிறதில்லை?

என் வண்டியும் கோயமுத்தூர்ல இருக்கிற என் பங்காளி மகன் வண்டியும் ஒரே 100 சிசி மாடல். அவன் வண்டி தார் ரோட்டுல ஆபீஸ் போய் வருது. என் வண்டி ரெண்டு நேரமும் பால் கேனோட சொசைட்டிக்குப் போகுது, செம்மண் புழுதியில சோளத்தட்டுக் கட்டு சுமக்குது, 45 கிலோ யூரியா மூட்டையோட வாய்க்கால் மேட்டுல ஏறுது. இந்த ரெண்டுக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதுவும் போக, எங்க ஊர் வண்டிகள்ல பாதிக்கு மீட்டர் கேபிள் அறுந்து பல வருசமாச்சு. ஓடாத மீட்டரை வச்சு என்னத்தைக் கணக்குப் பண்றது?

செயின் ‘இழுத்துக்கிச்சு’ன்னு சொல்றோம். உண்மையில இரும்பு ஒண்ணும் ரப்பர் மாதிரி இழுபடறதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின்னும் அதைச் சுத்தி ஒரு புஷ்ஷும் இருக்கு. எண்ணெய் வத்தி மண்ணு புகுந்தா அது ரெண்டும் ஒண்ணையொண்ணு உரசித் தேயுது. ஒரு கண்ணிக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ஞ்சா கண்ணுக்குத் தெரியாது. ஆனா நூறு கண்ணிக்கு அது 25 மில்லிமீட்டர், ஒரு அங்குலம். அப்படி நீண்ட செயின் பல்லோட அடியில உக்காராம மேலே ஏறி உக்காருது. பல்லும் ஒரு பக்கமா தேய்ஞ்சு அருவா மூக்கு மாதிரி வளையுது. அதுலயும் முன்னாடி இருக்கிற சின்னச் சக்கரம்தான் முதல்ல போகும். பல்லு குறைச்சல், சுத்து அதிகம். மூடிக்குள்ள இருக்கிறதால அதை யாரும் பார்க்கிறதும் இல்லை.

பார்க்கிறது பெரிய வித்தை இல்லைங்க. இன்ஜினை அணைச்சு, சென்டர் ஸ்டாண்டு போட்டு, செயின் கவரைக் கழட்டுங்க. பின் சக்கரத்துப் பல்சக்கரத்தோட கடைக்கோடியில செயினைப் பிடிச்சு வெளியே இழுங்க. பாதிப் பல்லு கண்ணுக்குத் தெரிஞ்சா அதோட காலம் முடிஞ்சுது. அடுத்தது, செயினை விறைப்பா வச்சு டேப்பால அளங்க. இந்த மாதிரி வண்டிகள்ல பெரும்பாலும் 428 செயின்தான் வருது. அதுல ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர். ஒரு பின்னோட நடுவுல இருந்து இருபது கண்ணி தள்ளி இருக்கிற பின்னோட நடு வரைக்கும் புதுசுல 254 மில்லிமீட்டர் இருக்கும். 259-ஐத் தொட்டா மாத்திடுங்க. கடைசியா, நியூட்ரல்ல வச்சு சக்கரத்தைக் கையால மெல்லச் சுத்துங்க. ஒரு இடத்துல விறைப்பு, ஒரு இடத்துல தொங்கல்னு மாறி மாறி வந்தா செயின் ஒரே சீரா தேயலைன்னு அர்த்தம். அதை எத்தனை தடவை டைட் பண்ணினாலும் நிக்காது. பத்து நிமிசம், ஒரு டேப்பு. வேற எதுவும் வேண்டாம்.

டவுன்காரங்களை மட்டும் திட்டிட்டு எங்க ஆளுங்களை விட முடியாது. நீங்க நம்பரைப் பார்த்து நல்ல செயினைத் தூக்கிப் போடறீங்கன்னா, நாங்க செத்த செயினை ஓட்டிக்கிட்டு இருக்கோம். அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டுக்குப் போயிட்டா “ரெண்டு கண்ணி வெட்டிடுங்கண்ணா”ன்னு மெக்கானிக்கிட்ட நிக்கிறது எங்க வழக்கம். அவரும் வெட்டித் தர்றார். நீளம் குறைஞ்சுது சரி, தேய்ஞ்ச கண்ணி தேய்ஞ்சதுதானே? வெட்டினா மிச்சக் கண்ணியெல்லாம் புதுசாயிடுமா?

இன்னொரு கூட்டம் செயினை மட்டும் மாத்தி, பழைய பல்சக்கரத்தை விட்டுடுது. வளைஞ்ச பல்லு புதுச் செயினைச் சீக்கிரமே தின்னுடும். மாத்தினா மூணையும் சேர்த்து மாத்தணும். ஒரு கிட்டோட விலை சுமாரா ரெண்டு ஆள் கூலி. அதை மிச்சம் பிடிக்கப் போய், செயின் அறுந்து இன்ஜின் கேஸை உடைச்சா எத்தனை ஆள் கூலி? அது இன்ஜினோட நின்னா நல்ல காலம். ஓட்டத்துல அறுந்த செயின் பின் சக்கரத்துல சிக்கினா சக்கரம் அப்படியே பூட்டிக்கும். பின்னாடி பால் கேனும் பொண்டாட்டியும் இருக்கிறப்ப அது எப்படி முடியும்னு நான் எழுத வேண்டியதில்லை.

எண்ணெய் விசயத்துலயும் இதே கதைதான். இன்ஜின்ல இருந்து இறக்கின கருப்பு ஆயிலை ஊத்தறாங்க. அதுல இருக்கிறது இன்ஜினோட அழுக்கு. மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சுட்டு, கடைக்காரங்க 90 ஆயில்னு சொல்ற கியர் ஆயிலைக் கொஞ்சமா விட்டாலே போதும். ஆனா இன்ஜினை ஓடவிட்டு, கியர்ல போட்டு, துணியைப் பிடிச்சுத் துடைக்காதீங்க. துணியைச் செயின் இழுத்தா விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். எங்க பக்கம் விரல் நுனி இல்லாதவங்கள்ல சில பேருக்கு அது இப்படித்தான் போச்சு.

“எல்லாராலயும் அளந்து பார்க்க முடியுமா? ஒரு நம்பர் இருந்தா சுலபம்தானே?”ன்னு கேப்பீங்க. நம்பர் இருக்கட்டும், நான் வேண்டாங்கலை. ஆனா அது ‘இப்பப் போய்ப் பாரு’ன்னு ஞாபகப்படுத்தறதுக்கு மட்டும்தான். மாத்தலாமா வேண்டாமான்னு சொல்ல வேண்டியது பல்லும் டேப்பும்.

இதை டவுன்ல இருக்கிறவங்களுக்குன்னே எழுதறதுக்குக் காரணம் இருக்கு. நீங்க புது வண்டி எடுத்ததும் பழைய வண்டியை “அப்பா ஊர்ல ஓட்டட்டும்”னு அனுப்பி வைக்கிறீங்க. அந்தச் செயின் உங்ககிட்டயே பாதி தேய்ஞ்சுது. மீதி எங்க மண்ணுல தேயுது. கவர் மூடியிருக்கிறதால கண்ணுக்குத் தெரியறதில்லை. கடகடன்னு சத்தம் வந்தாலும் அறுபது வயசுக்காரர் உங்களுக்கு போன் பண்ணி “செயின் தேய்ஞ்சிடுச்சு, காசு அனுப்பு”ன்னு கேக்க மாட்டார். வண்டி ஓடுதுல்லன்னு ஓட்டிக்கிட்டே இருப்பார்.

பொங்கலுக்கு வர்றப்ப கரும்பும் மஞ்சக்கொத்தும் நாங்க எடுத்து வைக்கிறோம். நீங்க வரும்போது ஒரு டேப்பு மட்டும் கொண்டு வாங்க.