பாட்டு ஆதாரம் ஆகுமா? கொடைக்கானல் பாதரசமும் ஒரு ராப் வீடியோவும்

"ராப் பாட்டு போட்டா நியாயம் கிடைச்சிடுமா டாக்டர்?" என்று கேட்பவர்களுக்காக இந்த நீண்ட பதிவு.

2015 ஜூலை கடைசியில் "கொடைக்கானல் வோன்ட்" என்ற வீடியோ வந்தது. பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். மெட்டு, அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் "அனகோண்டா" பாட்டுடையது. நிக்கி மினாஜே அதை ட்விட்டரில் பகிர்ந்தார். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

விஷயம் என்ன?

கொடைக்கானலில் இருந்த பாதரச தெர்மாமீட்டர் ஆலை. அமெரிக்காவிலிருந்து 1980களில் இங்கே கொண்டுவரப்பட்டது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001-ல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் காயலான் கடையில் கிடந்தது வெளியே தெரிந்தது. ஆலை மூடப்பட்டது.

தொழிலாளர்கள் 2006-ல் உயர் நீதிமன்றம் போனார்கள். வருஷங்கள் ஓடின.

வீடியோ வந்த எட்டே மாதத்தில், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் தன் மேல் தவறு என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆலையால் உடல்நலப் பாதிப்பு இல்லை என்பதே அதன் நிலைப்பாடு.

அந்த வீடியோ மேல் வந்த விமர்சனம்: "இரவல் மெட்டு, இங்கிலீஷ் பாட்டு, இதிலே அறிவியல் எங்கே?"

சரிதான். பாட்டு மருத்துவ ஆதாரம் ஆகாது. நானும் ஆக்க மாட்டேன். ஆனால் பாதரசம் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால், பாட்டு ஏன் தேவைப்பட்டது என்பது புரியும்.

பாதரசத்தை விழுங்கினால் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். ஆவியாக மூச்சில் போனால் சுமார் 80% உடம்பில் சேரும். மூளை, சிறுநீரகம் இரண்டையும் தாக்கும்.

அறிகுறிகள்? கை நடுக்கம், தூக்கமின்மை, மறதி, எரிச்சல், ஈறு வீக்கம்.

இப்போ சொல்லுங்க, இதை வைத்து யார் பாதரசம் என்பார்கள்? "வயசாச்சு", "டென்ஷன்", "குடிப்பாரா?" என்று கேட்டு அனுப்பிவிடுவோம். ஒரே நாளில் நூறு பேர் விழுந்தால் அது செய்தி. பத்து வருஷத்தில் ஒவ்வொருவராகத் தளர்ந்தால் அது அவரவர் தலையெழுத்து!

நம்ம தர்மபுரிக்காரங்களுக்கு இது புரியும். போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. அது பாறையிலிருந்து வருவது, எந்த ஆலையும் காரணமில்லை. ஆனால் பல்லில் கறை, மூட்டு இறுக்கம் என்று மெதுவாகத்தான் வரும். ஊருக்கே இருந்தால் அது வியாதி என்றே தோன்றாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே 2013-ல்தான்.

மெதுவாக வரும் கெடுதலுக்குச் சத்தம் கிடையாது. யாராவது சத்தம் போட்டால்தான் உண்டு. அந்த வேலையை அந்தப் பாட்டு செய்தது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை.

மண் இன்னும் பிரச்சனையாகத்தான் இருந்தது. அதனால்தான் 2018-ல் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து இரண்டாவது பாட்டு வந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்ற சுத்திகரிப்பு அளவு, சோலைக்காட்டை ஒட்டிய இடத்துக்குப் போதுமா என்பதே சண்டை. என் கருத்து: போதாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. டாக்டரிடம் போனால் என்ன வலி என்பதோடு என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருஷம் என்பதையும் சொல்லுங்கள். கல் குவாரி, சாயப்பட்டறை, பேட்டரி கடை, எதுவானாலும். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.