பலூன் வீடும் பால் கணக்கும்

2024 மே மாசம் எங்க அப்பா முதல் தடவையா இங்கே கால்கரிக்கு வந்தார். பெங்களூரு மர்பி டவுனை விட்டால் வேலூர், திருப்பத்தூர்னு நாலு சொந்தக்காரங்க ஊர், அவ்வளவுதான் அவருடைய உலக வரைபடம். வந்த மூணாவது நாள் வெளியே பனி கொட்ட ஆரம்பித்தது. "மே மாசத்துல என்னப்பா இது அநியாயம்"னு ஜன்னலோரமே நின்றுகொண்டிருந்தார். வெளியே போக வழியில்லை. வீட்டில் இருப்பது ஒரு டிவி. அதன் ரிமோட் என் ஒன்பது வயசுப் பொண்ணு கையில்.

"தாத்தா, பலூன் படம் பாக்கலாமா?"ன்னு கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் 'அப்' படத்தைப் போட்டுவிட்டாள். 2009ல் வந்த பிக்ஸார் படம். அந்த வருஷம் கான் திரைப்பட விழாவைத் தொடங்கி வைத்ததே இந்தப் படம்தான். அதுக்கு முன்னாடி எந்த அனிமேஷன் படத்துக்கும் அந்த மரியாதை கிடைத்ததில்லை. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் எம்.ஜி.ஆர். ஆள். பொம்மைப் படம் என்றால் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள ஒரு சாக்கு, அவ்வளவே. இங்கிலீஷும் அவருக்கு அரைகுறைதான்.

படம் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஆரம்பத்தில் ஒரு நாலு நிமிஷம் வரும். கார்லும் எல்லியும் கல்யாணம் செய்துகொண்டு, ஒரு பழைய வீட்டைச் சரிபண்ணிக் குடியேறி, வயசாகி, எல்லி இறந்துபோவது வரைக்கும். ஒரு வசனம் கிடையாது. மைக்கேல் ஜியாக்கினோவின் இசை மட்டும். (ஆஸ்கர் வாங்கின இசை. வாங்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.) துள்ளிக்கொண்டு வருகிற அதே மெட்டு கடைசியில் தனியாக ஒரு பியானோவில் மெதுவாக ஒலிக்கும்.

அந்த இடம் வந்தபோது அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் தண்ணி ஓடியது. தங்கமணி என்னைப் பார்த்தாள், நான் டிவியைப் பார்த்தேன்.

எங்க அம்மா 2016ல் போய்ச் சேர்ந்தாங்க. அன்றைக்குக் கூட அப்பா யார் முன்னாடியும் அழவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. குழந்தைகளுக்குன்னு வருகிற ஒரு படம் 74 வயசு மனுஷனை எப்படி எழுந்து போக வைக்கிறது? அழ வைப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. நம்ம டிவி சீரியல்கள் தினமும் ராத்திரி அரைமணி நேரம் அதைத்தானே செய்கின்றன? சாவு காட்டினால் அழுகை வரும் என்றால் 'பாம்பி'யில் (1942) அம்மா மான் சாகிறது, 'லயன் கிங்'கில் (1994) அப்பா சிங்கம் சாகிறது. அதெல்லாம் குழந்தைக்குப் பயத்தை உண்டாக்கிவிட்டுக் கதையைக் கிளப்புகிற சாவு. பெரியவங்களை உலுக்குவது வேற ஏதோ.

அந்த நாலு நிமிஷத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன் (பொண்ணு தூங்கின பிறகுதான், மானம் முக்கியம்). என்ன காட்டுகிறார்கள் தெரியுமா? ஒரு உண்டியல். கண்ணாடி ஜாடியில் சில்லறை போட்டு, தென் அமெரிக்காவுக்குப் போகப் பணம் சேர்க்கிறார்கள். வண்டி டயர் பஞ்சராகிறது, உண்டியலை உடைக்கிறார்கள். கார்லுக்குக் கால் முறிகிறது, மறுபடி உடைக்கிறார்கள். மரம் விழுந்து கூரை போகிறது, மறுபடியும். இதைப் பார்க்க அமெரிக்காவா போகணும்? சீட்டுப் பணத்தில் காசி போகலாம்னு நினைத்து, அது ஸ்கூல் ஃபீஸாகவும் ஆஸ்பத்திரி பில்லாகவும் மாறாத வீடு நம்மில் எது? அப்புறம் எல்லி தினமும் கார்லுக்கு டை கட்டிவிடுவாள். விதவிதமான டை வந்துகொண்டே இருக்கும், கட்டுகிற கை மட்டும் மாறாது. வருஷங்கள் ஓடுவதைச் சொல்ல அது போதும். ஒரு மேடு இருக்கிறது. சின்ன வயசில் அவள் ஓடி ஏறுவாள், இவன் மூச்சு வாங்கப் பின்னால் வருவான். வயசானபோது இவர் முன்னால் ஏறுகிறார், அவள் பாதியில் விழுகிறாள்.

சாவு இதில் கடைசி அரை நிமிஷம்தான். மனசைப் பிசைவது அந்த உண்டியல்.

இன்னொரு விஷயம், குழந்தையும் பெரியவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து இரண்டு வேற படம் பார்க்கிறார்கள். குழந்தைக்காக அறைக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், அடுத்த காட்சியில் டாக்டர் அறையில் எல்லி முகத்தைக் கையில் புதைத்து உட்கார்ந்திருக்கிறாள். என் பொண்ணு, "ஏன் அவங்க அழறாங்க?"ன்னு கேட்டாள். நானும் தங்கமணியும் முழித்தோம். அப்பாதான் சொன்னார்: "அவங்க எதிர்பார்த்த விருந்தாளி வரலம்மா." அவள் "ஓ"ன்னு தலையாட்டிவிட்டாள். அவளுக்கு அது போதும். படமும் அவளுக்கு அதற்கு மேல் சொல்லவில்லை, எங்களிடம் எதையும் மறைக்கவும் இல்லை.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். மர்பி டவுன் தெரியாதவங்களுக்கு: அல்சூர் ஏரிப் பக்கம், பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டின பேட்டை. முன்னாடி பேர் நாக்ஸ்பேட்டை. கன்டோன்மென்ட்டில் வேலை செய்த எளிய ஜனங்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் அமைத்த குடியிருப்பு. மர்பி என்கிற இன்ஜினியர் பேர் பிறகு வந்தது. கர்நாடகாவில் இருந்தாலும் தெருவில் காதில் விழுவது தமிழ்தான். ஏரிப் பக்கத்தில் 1991லேர்ந்து 18 வருஷம் சாக்குத்துணிக்குள்ளேயே நின்ற திருவள்ளுவர் சிலையைத் திறந்து வைத்தது 2009 ஆகஸ்ட்டில். 'அப்' வந்த அதே வருஷம்தான். சிலை திறக்கிற கூட்டத்தை அம்மாவும் அப்பாவும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்ததாகப் போனில் சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு.

எங்க வீடு சின்னது. ஒரு ஹால், ஒரு ரூம், பின்னாடி ஒரு துணி துவைக்கிற கல். சுற்றிலும் மூணு மாடி, நாலு மாடின்னு எழும்பிவிட்டது. 2011ல் மெட்ரோ வந்ததிலிருந்து இடத்தின் விலை ஏறி, பில்டர் ஆட்கள் அடிக்கடி கதவைத் தட்டுகிறார்கள். அப்பா மட்டும் தனியாக உள்ளே. சொல்லப்போனால் கார்ல் கதைதான். படத்திலும் கிழவரின் வீட்டைச் சுற்றிப் பெரிய கட்டடங்கள் எழும்பும், இவர் மட்டும் நகரமாட்டார். அதனால்தான் ஆயிரக்கணக்கான பலூன் கட்டி வீட்டையே தூக்கிக்கொண்டு பறக்கிறார். அந்தக் காட்சியில் அப்பா சிரித்தது எனக்கு நிம்மதி. "நம்ம வீட்டுக்குக் கட்டினா சுவர் மட்டும்தான் மேல வரும், பாக்கி கீழயே நிக்கும்" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு திட்டம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வீட்டைக் கொடுத்துவிட்டு இங்கேயே வந்து இருங்கன்னு மூணு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படத்தின் முடிவு எனக்குச் சாதகம். கார்ல் அந்தப் பொடியனைக் காப்பாற்றுவதற்காக நாற்காலி, மேசை எல்லாவற்றையும் வெளியே தள்ளி வீட்டின் எடையைக் குறைப்பார். கடைசியில் வீடே கையைவிட்டுப் போகும், அவரும் வெறும் வீடுதானேன்னு விட்டுவிடுவார். படம் முடிந்ததும் மெதுவாக ஆரம்பித்தேன். "பாத்தீங்களாப்பா, அந்தத் தாத்தாவே வீட்டை விட்டுட்டாரே."

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "விட்டாரு. அவரா விட்டாரு. விடச் சொல்ல அவருக்குப் புள்ளையும் இல்ல."

அதுக்கு மேல் நான் பேசவில்லை. ஆனால் என் யோசனைக்கு அங்கேதான் விடை கிடைத்தது. நல்ல படம் ஒரு கட்சி எடுத்துக்கொண்டு வாதாடுவதில்லை. எனக்கு வீட்டை விடச் சொன்ன அதே படம், அவருக்கு வீட்டை எப்போ விடுவது என்பது யாருடைய உரிமைன்னு சொல்லியிருக்கிறது. உபதேசம் பண்ணுகிற படமாக இருந்தால் எங்க ரெண்டு பேரில் ஒருத்தர் பாதியிலேயே தூங்கியிருப்போம்.

இதே இயக்குநர் பீட் டாக்டர் 2015ல் எடுத்த 'இன்சைட் அவுட்', நம்மை மாதிரி ஊர் விட்டு ஊர் வந்தவங்க ஒருமுறையாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியது. அப்பாவின் வேலைக்காக 11 வயசுப் பொண்ணை மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்துவருகிறார்கள். ஒரே நாட்டுக்குள்தான். அதுக்கே அந்தப் பொண்ணு உள்ளுக்குள் உடைந்துபோகிறது. அப்பாவுக்காகச் சிரிச்ச முகமா இரும்மான்னு அந்த அம்மா சொல்கிற இடத்தில் தங்கமணி "நாம இதைத்தானேங்க சொல்றோம்" என்றாள். தாத்தா ஏர்போர்ட்டில் திரும்பிப் போகும்போது அழாதே, டாட்டா சொல்லுன்னு சொல்கிற நாம்தான்.

'கோகோ' (2017) பற்றித் தனியாக எழுதணும். மெக்ஸிகோவில் செத்தவங்களை நினைத்துப் படம் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள் பற்றின கதை. நவம்பர் 2. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி கல்லறைத் திருநாளுக்குக் கல்பள்ளிக்குப் போகும்போது பூவும் மெழுகுவர்த்தியும் தூக்கிக்கொண்டு நானும் போயிருக்கிறேன். நமக்கு மகாளய அமாவாசை இருக்கு. அந்தப் படம் புரிய எந்தத் தமிழனுக்கும் விளக்கவுரை தேவையில்லை.

அப்போ ஏன் நம்மிடம் இப்படி ஒரு படம் இல்லை? கை இல்லாமல் இல்லை. ட்ரீம்வொர்க்ஸின் 'புஸ் இன் பூட்ஸ்' (2011) படத்தில் பெங்களூரு ஸ்டூடியோ வேலை உண்டு. ஆனால் நம்மவங்க அனிமேஷன்னு உட்கார்ந்தால் சாமி அல்லது ராஜா. 'ஹனுமான்' (2005), 'கோச்சடையான்' (2014), 2025ல் 'மகாவதார் நரசிம்மா'. சாமிப் படத்தில் எனக்கு ஒன்றும் கோபமில்லை, நரசிம்மாவை எங்க வீட்டிலும் கைதட்டித்தான் பார்த்தோம். ஆனால் சாமிக்கு உண்டியல் உடையாது. கோச்சடையானில் தொழில்நுட்பம் பற்றித்தான் ஊரே பேசியது. அதைப் பார்த்து யாராவது குழாயைத் திறந்துவிட்டு நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

கதை இல்லையா என்றால் அதுவும் இல்லை. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) ஞாபகம் இருக்கா? சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருவார். பாதி கட்டின வீட்டைத் தனியாகப் போய்ப் பார்ப்பார். சுவரைத் தடவுவார். அந்த நடையையும் அந்தக் கையையும் யாராவது வரைந்தால் என்ன? ஒரு கிழவர், ஒரு சின்ன வீடு, ஒரு எவர்சில்வர் டப்பா. டப்பாவில் பேர் வெட்டியிருக்கும். அந்தப் பேருக்குரியவங்க இல்லை. இதை எடுக்க எத்தனை கோடி வேணும்?

இதெல்லாம் சொன்னேன், முக்கியமானதை விட்டுவிட்டேன். படத்தில் எல்லியின் பழைய நோட்டு ஒன்று வரும். அவள் போகாத பயணத்துக்கான காலிப் பக்கங்கள்னு கார்ல் நினைத்துக்கொண்டிருப்பார். ரொம்ப நாள் கழித்துப் புரட்டினால், அவங்க சேர்ந்து வாழ்ந்த நாட்களின் போட்டோக்களை அதில் ஒட்டி வைத்திருப்பாள். அந்த இடத்தில் அப்பா பொண்ணிடம், "உங்க ஆயா கூட நோட்டு வெச்சிருந்தா. பால் கணக்கு" என்றார். பொண்ணு சிரித்துவிட்டாள். நானும்தான்.

அக்டோபரில் அப்பா ஊருக்குத் திரும்பினார். வீடு அப்படியே இருக்கு, அவரும் அங்கேதான். போன மாசம் போனில் பேசும்போது அந்த நோட்டு இன்னும் இருக்கான்னு கேட்டேன். "இருக்கு, எந்தப் பக்கம் வேணும்?" என்றார். நான் முதன்முதலாக வெளிநாடு கிளம்பின மாசத்தைச் சொன்னேன், 2004 ஆகஸ்ட். பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்.

நீல இங்க், அம்மாவின் சாய்ந்த எழுத்து. தினமும் பால் 3 பாக்கெட். அப்புறம் ஒரு வரி: தம்பி ஏர்போர்ட், ஆட்டோ 2, போக வர 160. (அப்போ ஏர்போர்ட் பக்கத்திலேயே எச்.ஏ.எல்.லில் இருந்தது.) மறுநாள் பால் 3. பக்கத்தில் பொடி எழுத்தில், "மறதி. தயிருக்கு ஊத்தியாச்சு."

அதுக்கு அடுத்த நாள் 2. அப்புறம் 2. பக்கம் முடிகிற வரைக்கும் 2.