மலைக்கு வந்த கேமராக்கள்

2019 ஜனவரி 14. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் போனக்காட்டுக்கு நிருபர்கள் வந்து குவிந்தார்கள். வழக்கமாக அந்த ஊரைப் பத்திரிகைகள் தேடுவது பாழடைந்த பங்களாவில் பேய் உலாவுகிறது என்று எழுதத்தான். இந்த முறை விஷயம் வேறு. 1,868 மீட்டர் உயர அகஸ்தியர்கூடத்துக்கு ஏற, பெண்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் தடுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2018 நவம்பரில் உத்தரவிட்டதன் விளைவு அது. பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பு அதிகாரி தன்யா சனல், அந்த உத்தரவுக்குப் பிறகு ஏறிய முதல் பெண் ஆனார்.

அதே இடத்தில் காணி பழங்குடியினர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யாரையும் மறிக்கவில்லை, கல் எறியவில்லை. ஆனால் அதற்கு 12 நாட்களுக்கு முன்புதான் சபரிமலையில் இரண்டு பெண்கள் தரிசனம் செய்து, கேரளம் முழுவதும் கடையடைப்பும் கலவரமும் நடந்திருந்தன. நிருபர்களின் கையில் அச்சு தயாராக இருந்தது. பெரும்பாலான செய்திகளில் அகஸ்தியர்கூடம் இன்னொரு சபரிமலை ஆயிற்று. காணிகள் அதன் சிறிய அளவுப் போராட்டக்காரர்கள் ஆனார்கள்.

சபரிமலைக்கு தேவஸ்வம் போர்டு உண்டு, தந்திரி உண்டு, கட்சிகள் உண்டு. அகஸ்தியர்கூடத்தின் உச்சியில் இருப்பது திறந்த வெளியில் ஒரு சிலை. காணிகளுக்கு அகஸ்தியர் குலகுரு, மலையே தெய்வம். அவர்களது பூசாரியும் வைத்தியருமான பிலாத்தி, கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி ஒலி எழுப்பி, இரவெல்லாம் சாற்றுப் பாட்டுப் பாடி நோய் தீர்ப்பார். இந்த வழிபாட்டில் மலை உச்சிக்கு என்ன இடம், தங்கள் பெண்களும் ஏறுவதில்லை என்ற வழக்கம் எதிலிருந்து வந்தது என்பவை செய்தியின் முதல் பத்தியில் வர வேண்டிய விவரங்கள். பல செய்திகளில் கடைசிப் பத்தியிலும் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரே வாக்கியம் பத்திரிகைக்குப் பத்திரிகை தாவியது: அகஸ்தியர் பிரம்மச்சாரி, அதனால் பெண்களுக்குத் தடை. அகத்தியரின் மனைவி லோபாமுத்திரை என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இதைக் காணிகள்தான் சொன்னார்களா, சொன்னார்கள் என்றால் அவர்களுடைய அகஸ்தியர் புராண அகத்தியர்தானா, அல்லது சபரிமலை வாதத்தை யாரோ இங்கே ஒட்டவைத்தார்களா? கேட்டிருந்தால் நல்ல செய்தியே கிடைத்திருக்கும்.

நியாயமாக எழுதுவது என்றால் தடையை ஆதரிப்பது என்று பொருள் இல்லை. வனத்துறை சீட்டு கொடுத்து ஆண்களை அனுப்பும் மலையில் பெண்ணை மட்டும் நிறுத்துவதற்கு நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய காரணம் இருக்கவில்லை. காணிகள் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதும் சோம்பல்தான். மலை ஏறாத காணிப் பெண் இந்தத் தீர்ப்பைப் பற்றி என்ன நினைத்தார்? ஏற வந்த பெண்ணின் பேட்டியும், எதிர்த்த ஆண் தலைவரின் பேட்டியும் எளிதாகக் கிடைக்கும். அவருடைய பேட்டிக்குக் குடியிருப்பு வரை நடக்க வேண்டும்.

இதே போனக்காட்டில் 2017-ல் குருசுமலைச் சிலுவைகள் உடைக்கப்பட்டபோது நிலைமை வேறாக இருந்தது. பல பத்தாண்டுகளாக வழிபடும் இடம் என்றது திருச்சபைத் தரப்பு. பாதுகாக்கப்பட்ட காடு என்றது வனத்துறை. 2018 ஜனவரியில் விதுரையில் போலீஸ் தடியடி வரை போயிற்று. யார் பக்கம் நியாயம் என்பது தனி விஷயம். அங்கே ஒரு மறைமாவட்டம் இருந்தது. அறிக்கை எழுத ஆள் இருந்தது, தவறாக எழுதினால் மறுப்பு அனுப்பவும் ஆள் இருந்தது. பத்திரிகைகள் இரு தரப்பையும் கேட்காமல் இருக்க முடியவில்லை. காணிகளின் வழிபாட்டுக்கு அப்படி ஓர் அலுவலகம் கிடையாது. நிறுவனமாகிவிட்ட மதத்துக்குக் கிடைக்கும் மரியாதை, நிறுவனமில்லாத நம்பிக்கைக்கு நிருபரின் மனசாட்சியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

காணிகளைப் பத்திரிகைகள் புகழ்ந்த காலமும் உண்டு. 1987-ல் காட்டுக்குள் வழிகாட்டிய காணிகள், களைப்பு தீர ஒரு பழத்தைத் தின்பதை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து பாலோடு தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'ஜீவனி' மருந்தின் உரிமம், 1995-ல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத ராயல்டிக்கும் கோவை ஆரிய வைத்தியப் பார்மஸிக்குப் போனது. பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. உலகத்துக்கே முன்மாதிரி என்று எழுதினார்கள். எல்லாக் காணிகளையும் கேட்கவில்லை, பிலாத்திகளின் அறிவு வெளியார் கைக்குப் போகிறது என்று காணிகளிலேயே ஒரு பகுதியினர் ஆட்சேபித்தது அந்த மகிழ்ச்சியில் அமுங்கிப்போனது. அன்று அறிவாளிகள், 2019-ல் பழமைவாதிகள். இரண்டு படங்களும் வெளியிலிருந்து வந்தவர்கள் வரைந்தவை.

தவறாக எழுதினால் முறையிட டில்லியில் பிரஸ் கவுன்சில் இருக்கிறது. முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால், வெட்டி எடுத்த செய்தியை இணைத்து, நாளிதழாக இருந்தால் இரண்டு மாதத்துக்குள் புகார் அனுப்ப வேண்டும். கவுன்சில் கண்டிக்கலாம்; அபராதம் விதிக்க முடியாது. காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பில் நாளிதழ் எந்த நாளில் வந்து சேருகிறது என்பதை வைத்து அந்தக் கெடு கணக்கிடப்படுவதில்லை. 2019-ல் அகஸ்தியர்கூட மலையேற்றம் மார்ச் 1-ந் தேதி முடிந்தது. அதற்கு வெகு முன்பே நிருபர்கள் விதுரைச் சாலையில் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள்.